வாஷ்பேசினில் மட்டும் தண்ணீர் நூலாக வருகிறது: சுவரை உடைக்கத்தான் வேண்டுமா?

ஜூன் 9, காலை: இராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்திலிருந்து ஒரு வாசகரின் கேள்வி

எங்கள் வீடு மண்டபத்தில், கடலுக்கு மிக அருகில் இருக்கிறது. அப்பா கட்டிய வீடு என்பதால் குழாய்கள் எல்லாம் சுவருக்குள் பதித்த ஜி.ஐ. குழாய்கள், அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு. குளியலறை வாஷ்பேசினில் மட்டும் சில மாதங்களாகத் தண்ணீர் நூலாக வருகிறது. அதே அறையில் வாளிக்குப் பிடிக்கும் குழாயிலும் ஃப்ளஷ் தொட்டியிலும் குறையே இல்லை. வாஷ்பேசின் குழாயைப் புதிதாக மாற்றியும் பயனில்லை. பார்க்க வந்த பிளம்பர், "உள்ளே உப்பு அடைச்சிருச்சுண்ணே, சுவத்த உடைச்சு லைனையே மாத்தணும்" என்கிறார். டைல்ஸ் பழைய டிசைன்; உடைத்தால் அதே டைல்ஸ் கிடைக்காது. ஆசிட் ஊற்றினால் கரைந்துவிடும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். எதைச் செய்வது?

ஜூன் 9, இரவு

உடைக்க வேண்டாம். அடைப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரியும் வரை சுவரின் மீது உளி படவே கூடாது.

நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. அதே அறையின் மற்ற குழாய்களில் தண்ணீர் குறையவில்லை என்றால், மாடித் தொட்டியிலிருந்து அந்த அறைக்கு இறங்கும் லைன் நன்றாக இருக்கிறது. அந்த லைனிலிருந்து வாஷ்பேசினுக்குப் பிரியும் டீ என்ற மூன்று வழி இணைப்பு முதல் குழாயின் வாய் வரை உள்ள சில அடிகளுக்குள்தான் கோளாறு இருக்க முடியும். அந்தச் சில அடிகளிலும் சுவருக்குள் இருக்கும் குழாய் அடைபடுவதற்கு முன்னால் அடைபடக் கூடிய இடங்கள் நான்கு உண்டு: சுவரிலிருந்து வெளியே வரும் நிப்பிள் என்ற குட்டைக் குழாய்த் துண்டு, அதில் பூட்டிய ஆங்கிள் வால்வு, அங்கிருந்து மேலே போகும் கனெக்‌ஷன் பைப், குழாயின் வாயில் உள்ள சல்லடை. நான்குமே கைக்கு எட்டும் இடத்தில் இருப்பவை.

நான் இராமேஸ்வரத்தில் ஒரு சிறிய தங்கும் விடுதியைக் கவனித்துக்கொள்கிறேன். அக்னி தீர்த்தத்தில் நீராடிவிட்டு வருபவர்கள் விடியற்காலையில் எல்லா அறைகளிலும் ஒரே நேரத்தில் குழாயைத் திறப்பார்கள். எந்த அறையில் தண்ணீர் குறைகிறது என்பது அப்போதே தெரிந்துவிடும். ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் பிளம்பரைத் தேடிப் பிடிப்பது நடக்காத காரியம் என்பதால் ஸ்பானரை நானே எடுத்துப் பழகினேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: வாஷ்பேசின் அடைப்புக்காகச் சுவரை உடைக்க நேர்ந்தது மிக அரிது.

செய்ய வேண்டியது இதுதான். ஆங்கிள் வால்வை மூடுங்கள். கனெக்‌ஷன் பைப்பின் மேல் முனையை வாஷ்பேசின் குழாயிலிருந்து கழற்றி, அந்த முனையை ஒரு வாளிக்குள் பிடித்துக்கொண்டு வால்வைத் திறங்கள். தண்ணீர் வேகமாக வந்தால் கோளாறு குழாயில். அங்கும் நூலாகவே வந்தால், வால்வை மூடிவிட்டுக் கீழ் முனையையும் கழற்றி, வால்வின் வாயில் ஒரு துணியைத் தளர்வாகச் சுற்றி மறுபடி திறங்கள். அங்கே வேகமாக வந்தால் கோளாறு கனெக்‌ஷன் பைப்பில். அப்போதும் வரவில்லை என்றால் வால்விலோ அதற்குப் பின்னாலோ. துணி எதற்கென்றால், வேகமாக வந்துவிட்டால் அது நேராக உங்கள் முகத்துக்குத்தான் வரும்.

ஜூன் 10, காலை

ஆசிட் யோசனையைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கரையில் எந்த அடைப்புக்கும் முதலில் நினைவுக்கு வருவது அந்த பாட்டில்தான்.

வரத்துக் குழாய்க்குள் ஆசிட்டை ஊற்ற வேண்டுமானால் முதலில் ஏதாவது ஓர் இணைப்பைக் கழற்ற வேண்டும். இணைப்பைக் கழற்றிவிட்டால் அடைப்பு கண்ணுக்கே தெரியும். பிறகு ஆசிட் எதற்கு? இது ஒரு பக்கம். கழிப்பறை கழுவ விற்கும் ஆசிட்டில் பெரும்பாலும் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது சுண்ணாம்புப் படிவைக் கரைக்கும் என்பது உண்மை. ஆனால் அதே வேகத்தில் ஜி.ஐ. குழாயின் உட்புறத் துத்தநாகப் பூச்சையும் கரைத்துவிடும். பூச்சு போன இரும்பு அதன் பிறகு எத்தனை நாள் தாங்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. குழாயின் மேல் உள்ள குரோமியப் பூச்சும் புள்ளி புள்ளியாக உரியும். தொட்டி கழுவப் போட்ட பிளீச்சிங் பவுடரின் மிச்சம் தண்ணீரில் இருந்தால், அதோடு ஆசிட் சேரும்போது குளோரின் வாயு வரும். கதவை மூடிய சிறிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

கழற்றி எடுத்த சிறிய பாகங்களுக்கு மட்டும் வினிகர் போதும். குழாய் வாயின் சல்லடையை ஒரு கிண்ணத்தில் இரவு முழுவதும் ஊறப் போட்டால், குமிழி விட்டு, காலையில் பழைய பல் துலக்கியால் தேய்த்தாலே படிவு உதிர்ந்துவிடும். எலுமிச்சை உப்பும் வேலை செய்யும். ஆனால் அதைக் கெட்டியாகக் கரைத்துச் சூடாக வைத்தால், சுண்ணாம்போடு சேர்ந்து கரையாத ஒரு வெள்ளை வண்டலை அதுவே உண்டாக்கும். ஆகவே நீர்க்கக் கரைத்து, ஆறிய தண்ணீரிலேயே போடுங்கள்.

ஜூன் 10, மாலை

கீழக்கரையிலிருந்து ஒருவர், அடைப்பு நீக்கும் பவுடரை வாஷ்பேசின் ஓட்டையில் போட்டுப் பார்க்கச் சொல்கிறார். அது தண்ணீர் வெளியேறும் குழாய்க்கு உரியது. இங்கே பேசுவது தண்ணீர் உள்ளே வரும் குழாயைப் பற்றி.

ஜூன் 13

"உப்பு அடைத்துவிட்டது" என்பதைப் பற்றி ஒரு குறிப்பு. நம் பகுதியில் எந்தக் குழாய் கெட்டாலும் உப்பின் மேல்தான் பழி விழுகிறது. அந்தப் பழியில் பாதி சரி, பாதி தவறு.

இராமநாதபுரம் கரை முழுவதற்கும் ஒரே தண்ணீர் இல்லை. மணல் மேட்டில் ஆழமில்லாத கிணறு தோண்டினால் நல்ல தண்ணீர் கிடைக்கும். அதே இடத்தில் ஆழமாக போர் போட்டால் உவர் நீர் வரும். தங்கச்சிமடத்தில் கடலுக்குள்ளேயே இருக்கும் வில்லூண்டி தீர்த்தத்தில் தண்ணீர் உப்புக் கரிக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். மழையில் இறங்கும் நன்னீர் எடை குறைந்தது என்பதால் மணலுக்குள் உவர் நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால் அதற்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர் படித்தவர்கள் போடும் கணக்கு. அதே கணக்கைத் திருப்பிப் போட்டால், மோட்டார் வைத்து மேலே 1 அடி இறக்கும்போது கீழிருந்து 40 அடி உவர் நீர் ஏறுகிறது. எனவே கோடையில் ஒரே போரின் தண்ணீர் மாதத்துக்கு மாதம் மாறுகிறது. வடகிழக்குப் பருவமழை முடிந்த தை மாதத்தில் பரிசோதனைக்குக் கொடுத்த அறிக்கையை வைத்துக்கொண்டு ஆனி மாதத் தண்ணீரைப் பற்றி முடிவு செய்யக் கூடாது.

குடிநீருக்கான இந்தியத் தரத்தின்படி கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும்; வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். குளோரைடுக்கு அதே போல 250, 1000. இவை குடிப்பதற்கான அளவுகள். குழாய் எத்தனை ஆண்டு தாங்கும் என்பதைப் பார்த்துப் போட்ட அளவுகள் அல்ல.

குழாய்க்கு எது கெடுதல் என்பதுதான் இங்கே கேள்வி. நாக்கில் கரிக்கும் சாதாரண உப்பு தண்ணீரில் கரைந்தபடியே வந்து கரைந்தபடியே வெளியேறும். குழாய்க்குள் அது கட்டியாகப் படிவதில்லை. வெள்ளையாகக் கட்டுவது சுண்ணாம்பு. அதுவும் தண்ணீர் சூடாகும் இடத்திலும் சொட்டிக் காயும் இடத்திலும்தான் அதிகம் கட்டும். அதாவது கீசரிலும் குழாயின் வாயிலும். உப்பு செய்யும் வேலை வேறு: அது இரும்பை அரிக்கிறது. அரித்த இரும்பு துருவாகி, இருந்த அளவை விடப் பல மடங்கு பருத்து, குழாயின் நடுவை நோக்கி மேடுகளாக வளர்கிறது. ஆகவே அடைப்பைச் சுரண்டிப் பார்த்து, வெள்ளையாக இருந்தால் ஒரு வழியிலும் பழுப்பாக இருந்தால் வேறொரு வழியிலும் போக வேண்டும். பழுப்பான அடைப்புக்கு வினிகரை ஊற்றிக் காத்திருப்பது வினிகருக்குக் கேடு.

ஜூன் 14

மண்டபம் வாசகர் கழற்றிப் பார்த்துவிட்டார். கனெக்‌ஷன் பைப்பைக் கழற்றிய பிறகும் வால்வின் வாயிலிருந்து தண்ணீர் நூலாகத்தான் வருகிறதாம். நல்ல செய்திதான், தேட வேண்டிய இடம் ஒரு சாண் அளவுக்குச் சுருங்கிவிட்டது.

இனி வால்வைக் கழற்ற வேண்டும். அதற்கு முன் மாடியில் தொட்டியின் அடியில் இருக்கும் கேட் வால்வை மூடுங்கள். பல ஆண்டுகளாகத் தொடாத கேட் வால்வு மூடாது, அல்லது மூடியது போலப் பாவனை செய்யும். கீழே வாளிக் குழாயைத் திறந்து, தண்ணீர் முழுவதுமாக நின்றதா என்று உறுதி செய்துகொண்ட பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

ஆங்கிள் வால்வை ஒரே கையால் முறுக்கிக் கழற்றாதீர்கள். துருப்பிடித்த நிப்பிள் சுவருக்குள் இருக்கும் எல்போவின் (வளைவு இணைப்பின்) மரையில் முறிந்து மாட்டிக்கொண்டால், பார்க்க வந்த பிளம்பர் சொன்னதே பலித்துவிடும். நிப்பிள் கொஞ்சமாவது வெளியே தெரிந்தால் அதை ஒரு பைப் ரிஞ்சால் அசையாமல் பிடித்துக்கொண்டு, இன்னொரு ஸ்பானரால் வால்வை மட்டும் திருப்புங்கள். முதலில் சற்று இறுக்கும் பக்கமாக அசைத்து, பிறகு தளர்த்தும் பக்கமாக விட்டு விட்டுத் திருப்பினால் பழைய டேப்பும் துருவும் பிடி விடும். அவசரம் உதவாது.

அப்படியும் முறிந்தால் அதுவே முடிவல்ல. ஹேக்ஸா பிளேடை மட்டும் தனியாக எடுத்து, ஒரு முனையில் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு, உள்ளே மாட்டிய துண்டின் உட்புறத்திலிருந்து இரண்டு கோடுகள் அறுக்க வேண்டும். எல்போவின் மரையைத் தொடுவதற்கு ஒரு நூல் முன்பாகவே நிறுத்திவிட்டு, அந்த இரண்டு கோடுகளுக்கு நடுவே இருக்கும் சில்லைச் சிறிய உளியால் உள்பக்கமாகத் தட்டினால் துண்டு சுருங்கி வெளியே வந்துவிடும். பொறுமை இருப்பவர் செய்ய வேண்டிய வேலை இது.

ஜூன் 16

வால்வும் நிப்பிளும் வந்துவிட்டன, முறியாமல். வாசகர் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். நிப்பிளின் வெளிப்புறம் பார்ப்பதற்குக் கண்ணியமாகத்தான் இருக்கிறது. உள்ளே, வால்வு பூட்டியிருந்த முனையில், செம்பழுப்பு மேடுகள் நாலாப் பக்கமும் வளர்ந்து நடுவில் ஒரு துளையை மட்டும் விட்டிருக்கின்றன. சீவிய பென்சிலின் முனை மட்டும் நுழையும் அளவு. மறு முனை, அதாவது சுவருக்குள் எல்போவில் இருந்த முனை, ஏறக்குறைய முழு விட்டத்தோடு திறந்திருக்கிறது. அவர் எல்போவுக்குள் விரலை விட்டுப் பார்த்ததில் அங்கும் பெரிய அடைப்பு இல்லையாம். வாளியை வைத்துக் கேட் வால்வைத் திறந்ததும் முதலில் காப்பித் தூள் நிறத்தில் ஒரு வீச்சும் பிறகு தெளிந்த தண்ணீரும் வந்ததாக எழுதுகிறார்.

கணக்கைப் பாருங்கள். 15 மில்லிமீட்டர் விட்டமுள்ள வழி 3 மில்லிமீட்டராகச் சுருங்கினால், விட்டம் ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் தண்ணீர் போகும் பரப்பு 25இல் ஒரு பங்கு. லைன் முழுவதும் சுத்தமாக இருந்தாலும் அந்த ஒரு துண்டு போதும், குழாயில் நூல்தான் வரும்.

அந்த முனையில் மட்டும் ஏன் இவ்வளவு துரு என்று கேட்டிருக்கிறார். ஆங்கிள் வால்வு பித்தளை, நிப்பிள் இரும்பு. இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டு இருக்க, நடுவே மின்சாரம் கடத்தும் தண்ணீர் இருந்தால், இரண்டில் எளிதில் அரிபடும் உலோகம் மற்றதற்காகத் தேயும். நல்ல தண்ணீரில் இது மெதுவாக நடக்கும். நம் உவர் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் வேகமாக நடக்கும். நான் கழற்றிய அடைபட்ட நிப்பிள்களிலும் பித்தளையைத் தொட்ட முனைதான் முதலில் போயிருந்தது.

ஜூன் 17

பித்தளை நிப்பிள் போட்டுவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று பரமக்குடியிலிருந்து ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். கடைக்காரரும் அதைத்தான் சொல்வார். சுவருக்குள் இருப்பது சி.பி.வி.சி. என்ற பிளாஸ்டிக் குழாய் என்றால் நானும் அதற்குச் சம்மதிப்பேன்.

மண்டபம் வீட்டில் சுவருக்குள் இருப்பது இரும்பு எல்போ. அங்கே பித்தளை நிப்பிளைப் பூட்டினால் அரிப்பு நிற்காது, இடம் மட்டும் மாறும்: இப்போது வெளியே நிப்பிளில் நடந்தது இனிமேல் சுவருக்குள் எல்போவின் மரையில் நடக்கும். சில ரூபாய் நிப்பிளைக் காப்பாற்றி, டைல்ஸுக்குப் பின்னால் இருக்கும் எல்போவைப் பலி கொடுத்தது போல ஆகும். ஆகவே பழைய ஜி.ஐ. லைன் உள்ள வீட்டில் மறுபடியும் நல்ல கனமான ஜி.ஐ. நிப்பிளையே போட்டு, அதைத் தேய்ந்து போவதற்கென்றே வைத்த துண்டாகக் கருதி, தண்ணீர் குறையத் தொடங்கியதும் மாற்றிவிடுவதையே நான் விரும்புகிறேன். பிளாஸ்டிக் நிப்பிள் போட்டால் உலோகங்களின் தொடர்பு அறும் என்பது சரிதான். ஆனால் யாராவது வால்வைக் கொஞ்சம் பலமாகத் திருப்பினால் அது மரையோடு முறியும். விடுதி அறைகளில் அதை நான் நம்புவதில்லை. வீட்டில், கை நிதானம் உள்ளவர்கள் மட்டும் புழங்கும் இடத்தில், போட்டுப் பார்க்கலாம்.

டெஃப்லான் டேப்பை மரையின் முனையைத் தாண்டிச் சுற்றாதீர்கள். உள்ளே தொங்கும் டேப் துணுக்கு நேராக வால்வுக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஜூன் 20

வால்வைக் கழற்றிய கையோடு அதையும் பாருங்கள் என்று எழுத விட்டுப்போயிற்று. பழைய பித்தளை வால்வை உடைத்துப் பார்த்தால் உட்புறம் மஞ்சளாக இல்லாமல் செம்பு நிறத்தில், ஊசித் துளைகளோடு இருப்பதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். குளோரைடு அதிகமுள்ள தண்ணீர் பித்தளையிலிருக்கும் துத்தநாகத்தை மட்டும் பிரித்து எடுத்துக்கொண்டு செம்பைச் சோகையாக விட்டுவிடுகிறது. அப்படிப்பட்ட வால்வு வெளியே பளபளப்பாக இருக்கும். ஸ்பானரை வைத்ததும் கையோடு வரும். மரையில் சிவப்பு தெரிந்தால் வால்வையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.

கனெக்‌ஷன் பைப்பைப் பற்றி உச்சிப்புளியிலிருந்து ஒருவர், காந்தம் ஒட்டாத எவர்சில்வர் பின்னல் உள்ளதை வாங்கினால் துருப்பிடிக்காது என்று சொல்கிறார். அந்தச் சோதனை இந்த இடத்தில் உதவாது. நிக்கல் அதிகமுள்ள 304 வகையிலும் காந்தம் ஒட்டாது. நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டிய மலிவான 202 வகையிலும் பெரும்பாலும் ஒட்டாது. கடல் காற்றில் இரண்டாவது சீக்கிரம் துருப்பிடிக்கும். பின்னல் துருப்பிடித்து இழை இழையாக அறுந்தால், உள்ளே இருக்கும் ரப்பர் குழல் தாங்காமல் வெடித்து, ஆளில்லாத அறையில் தொட்டித் தண்ணீர் முழுவதும் தரையில் ஓடும். பின்னலின் மேல் பழுப்புப் புள்ளி தெரிந்தாலே மாற்றுங்கள். அடைப்பைத் தேடும்போது இன்னொன்றும் பாருங்கள்: நட்டை இறுக்கும்போது பைப்பும் சேர்ந்து திரும்பினால், உள்ளே ரப்பர் முறுக்கிக்கொண்டு வழியை மூடும். வெளியே பின்னல் நேராகத்தான் தெரியும்.

ஜூன் 28

கீழக்கரை நண்பர் வேறு மாதிரியான கோளாறைச் சொல்கிறார். குழாயைத் திறந்ததும் ஒரு கணம் தண்ணீர் பலமாக வருகிறது, உடனே குறைந்துவிடுகிறது. மூடிச் சற்று நேரம் கழித்துத் திறந்தால் மறுபடியும் அதே கதை. இது துருவோ சுண்ணாம்போ அல்ல. அவை ஒரு கணம் விலகி வழிவிடுவதில்லை. வழியில் ஏதோ ஒன்று தளர்வாக அசைகிறது. பழைய மாதிரி வால்வுகளில் வாஷர் தண்டிலிருந்து கழன்று, தண்ணீர் ஓடத் தொடங்கியதும் இழுபட்டு வாயில் போய் அடைத்துக்கொள்ளும். வால்வின் தலைப்பகுதியை மட்டும் கழற்றி வாஷரை மாற்றினால் முடிந்தது. கால் சுற்றில் திறக்கும் புது வகை வால்வு என்றால் பிளாஸ்டிக் சீவல் ஏதாவது கிடக்கும். தொட்டியில் துளை போட்டவர்கள் சீவலைத் தொட்டிக்குள்ளேயே விட்டுவிட்டுப் போவது வழக்கம்.

ஜூலை 24

ஆடிக் காற்று வந்துவிட்டது. கேள்விகளும் மணலுக்கு மாறிவிட்டன. தென்மேற்குக் காற்று வீசும் இந்த மாதங்களில் மாடித் தொட்டியின் மூடி சற்று விலகியிருந்தாலே போதும், அடியில் மணல் சேர்ந்துவிடும். காற்றில் மூடி பறந்து அடுத்த தெருவில் கிடந்ததும் உண்டு. கல்லை வைப்பதை விட, மூடியைக் கயிற்றால் கட்டுங்கள்.

தொட்டியைக் கழுவிய மறுநாள் அடைத்துக்கொண்டது என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். கழுவும்போது வீட்டுக்குப் போகும் கேட் வால்வைத் திறந்தே வைத்திருந்தீர்களா? அடியில் கலக்கிய சேறும் மணலும் எந்த வழி திறந்திருக்கிறதோ அந்த வழியாகத்தான் போகும். அதை முதலில் மூடிவிட்டு, கழிவுக்கென்று அடியில் வைத்த வழியைத் திறந்து கழுவ வேண்டும். அந்த வழியே இல்லாத தொட்டி என்றால் வாளியால் இறைத்து, மிச்சத்தைத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். பிறகு தண்ணீர் விடும்போது முதலில் வாளிக் குழாயை முழுதாகத் திறந்து கலங்கலை வெளியேற்றிவிட்டுக் கடைசியில்தான் வாஷ்பேசினைத் திறக்க வேண்டும். சல்லடை உள்ள குழாய்களில் முதல் தண்ணீரை விடாதீர்கள்.

ஜூலை 25

மணல் அடைத்த லைனைப் பின்னாலிருந்து தள்ளலாமா என்ற கேள்விக்கு: தள்ளலாம். அடுத்த குளியலறைக் குழாயிலிருந்து ஹோஸ் போட்டுத் தள்ளினேன், பயனில்லை என்கிறார் பெரியபட்டினம் நண்பர். இரண்டு குழாய்க்கும் ஒரே தொட்டி. இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம். தண்ணீர் எந்தப் பக்கம் போகும்? மோட்டார் ஏற்றும் பைப்பிலிருந்து தனி ஹோஸ் எடுத்துத் தள்ளினால் மணல் திரும்பத் தொட்டிக்கே போகும். தெருக் குழாயோடு இணைத்து இதைச் செய்யாதீர்கள். காவிரித் தண்ணீர் நின்ற நேரத்தில் உங்கள் வீட்டுச் சேறு பின்வாங்கித் தெரு லைனுக்குள் போகும்.

பஞ்சர் கடைக் கம்ப்ரஸரைக் கொண்டுவந்து காற்றடிக்கும் யோசனையை இங்கே இருவர் சொல்லியிருக்கிறார்கள். வேண்டாம். தண்ணீர் அழுத்தத்தில் குழாய் வெடித்தால் ஒரு பீச்சலோடு அழுத்தம் இறங்கிவிடும். அடைத்த காற்று அப்படி இறங்காது, விரிந்துகொண்டே வரும். பி.வி.சி. குழாய் அந்த வேகத்தில் சில்லு சில்லாகச் சிதறும்.

ஆகஸ்ட் 3

தொண்டியில் புது வீடு, எல்லாம் சி.பி.வி.சி.; எங்கும் துரு இல்லை; ஒற்றைக் கைப்பிடி மிக்ஸர் போட்ட வாஷ்பேசினில் மட்டும் முதல் நாளிலிருந்தே தண்ணீர் மந்தம். இங்கே அடைப்பைத் தேடிப் பயனில்லை. 10 மீட்டர் உயரத் தண்ணீருக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ அழுத்தம் என்பது கணக்கு. மாடித் தொட்டியின் அடி, குழாயிலிருந்து 3 மீட்டர் உயரத்தில் இருந்தால் கிடைப்பது 0.3 கிலோ. அந்த மிக்ஸர்களின் உள்வழி மிகக் குறுகியது. பல மாதிரிகள் 0.5 கிலோவுக்கு மேல் எதிர்பார்ப்பவை. வாங்கும்போது பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் குறைந்தபட்ச அழுத்தத்தைப் பாருங்கள். மேல் மாடிக்காரர்களுக்குச் சாதாரணத் திருகுக் குழாய்தான் பொருத்தம். அழகு சற்றுக் குறைவு, தண்ணீர் அதிகம்.

நவம்பர் 11

மழை தொடங்கியதும் கீசரைப் போடுகிறார்கள். வெந்நீர்ப் பக்கத்துக் கேள்விகள் வருகின்றன. தேவிபட்டினத்திலிருந்து ஒருவர்: தண்ணீர் பக்கம் நன்றாக இருக்கிறது, வெந்நீர் பக்கம் மட்டும் கக்கிக் கக்கி வந்து நின்றுவிடுகிறது.

கக்கி வருகிறது என்றால் முதலில் காற்றைச் சந்தேகிக்க வேண்டும். தொட்டி ஒரு முறை முழுதாகக் காலியாகியிருந்தால், குழாய் பீமுக்கு மேலே ஏறி இறங்கும் வளைவில் காற்று நின்றுகொள்ளும். தொட்டியின் குறைந்த அழுத்தத்தால் அதைத் தள்ள முடியாது. தொட்டி நிரம்பியிருக்கும்போது, கீசரின் மின் இணைப்பை அணைத்துவிட்டு, அந்த லைனில் மிகத் தாழ்வாக இருக்கும் வெந்நீர்க் குழாயை முழுதாகத் திறந்து வையுங்கள். சில நிமிடங்களில் இரைச்சலோடு காற்று வெளியேறும்.

காற்றும் இல்லை, கக்கலும் இல்லை, சீராகவே குறைந்து வருகிறது என்றால் அது சுண்ணாம்பு. வெள்ளை அடைப்புக்கு உரிய இடம் இதுதான். வெப்ப அளவை 50 அல்லது 55 டிகிரியில் வைத்தால் படிவு குறையும். முழுச் சூட்டில் வைத்தால் போர் தண்ணீர் வேகமாகப் படியும். மின் இணைப்பைத் துண்டித்து, தண்ணீர் ஆறிய பிறகு, கீசரின் அடியில் குளிர்ந்த நீர் நுழையும் இடத்திலிருக்கும் வால்வைக் கழற்றிப் பாருங்கள். தண்ணீர் பின்னால் திரும்பாமல் தடுப்பதும், அழுத்தம் மிகுந்தால் வெளியேற்றுவதும் அதுதான். உள்ளிருக்கும் சிறிய ஸ்பிரிங்கில் சுண்ணாம்பு ஏறினால் முழுதாகத் திறக்காது. வினிகரில் ஊறவைத்தும் சரியாகவில்லை என்றால் அதே அளவில் புதியது வாங்கிப் போடுங்கள். தண்ணீர் நன்றாக வருகிறது என்று சொல்லி அதை எடுத்துவிட்டு வெறும் நிப்பிளைப் பூட்டும் பிளம்பர்கள் இருக்கிறார்கள். அப்படிப் பூட்டிய கீசர் உங்கள் வீட்டில் இருந்தால், வால்வைத் திரும்பப் போடும் வரை அதன் சுவிட்சைத் தொடாதீர்கள்.